நான் போட்ட ஷிஃப்ட் சார்ட்

எங்கள் கடையின் பின்பக்கச் சுவரில், விரல் வைத்து வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் சார்ட் ஒட்டியிருக்கும். அதை முதன்முதலில் போட்டவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலமும் ஒன்று இருந்தது, ஒரு மூன்று நாலு மாதம். இப்போதெல்லாம் அந்தச் சுவர்ப் பக்கம் போனால் வேறெங்காவது பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

கடை ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் இருக்கிறது. அரிசி, பருப்பிலிருந்து பிளாஸ்டிக் பக்கெட் வரை எல்லாம் விற்கும் இரண்டு மாடிக் கடை. நான் ஃப்ளோர் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் அதே கடையில் பில் போடும் கவுண்டரில் மணிக்கணக்கு ஆளாக நின்றிருக்கிறேன். மணிக்கணக்கு ஆள் என்றால் நின்ற மணிக்குத்தான் கூலி. கூப்பிட்டால் ஓடிவர வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் கிடக்க வேண்டும். எங்கள் கடையில் முக்கால்வாசிப் பெண்கள் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அடுத்த வார ஷிஃப்ட் வரும். அதை நம்பி ஒரு காரியம் செய்ய முடியாது. புதன் லீவு என்று போட்டிருப்பார்கள். செவ்வாய் மத்தியானம் “நாளைக்கு வந்துடுங்க” என்று இன்னொரு மெசேஜ் வரும். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு, “கூட்டம் கம்மி, பன்னெண்டுக்கு வந்தா போதும்” என்று வரும். திரும்பி வீட்டுக்குப் போனால் போகவும் வரவும்தான் நேரம் சரியாக இருக்கும் என்று வண்டலூர் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன். அந்த பெஞ்சில் நான் கழித்த நேரத்தில் ஒரு டிகிரி படித்து முடித்திருக்கலாம். என் மகனின் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. அவன் இதுவரை அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை. ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை.

அதனால் சூப்பர்வைசர் ஆனதும் எனக்குள் ஒரு வெறி இருந்தது. இந்த ஷிஃப்ட் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற வெறி. கெட்ட எண்ணத்தோடு நான் எதையும் செய்யவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இங்கே அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நம்பர் கவுண்டரில் இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். பெருங்களத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷை கொட்டும், ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வராது. புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று கடையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவன் கூடுவாஞ்சேரியில் தன் அம்மா வீட்டில் இருந்தான். இரண்டாவது படிக்கும் பெண் குழந்தை அவனிடம் இருந்தது. குழந்தையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி இவள் கேஸ் போட்டிருந்தாள். அது முடியும்வரை மாதத்தில் முதல் சனியும் மூன்றாம் சனியும், கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று இருக்கும் ஒரு அறையில் இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கலாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணி ஷிஃப்ட். ஏழுக்கு வந்தால் மூன்றரைக்கு விடுவார்கள். மூன்றே முக்கால் வண்டியைப் பிடித்தால் நாலு மணிக்கெல்லாம் கூடுவாஞ்சேரி. குழந்தையின் பள்ளிக்கூட வேன் நாலரைக்குத்தான் வரும். குழந்தை தன்னிடம் வந்ததும் இருக்க, அந்த வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் ஒரு ரூம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தாள். காலையில் அவள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள் என்பதால், கீழ் வீட்டு பாயின் மனைவி குழந்தைக்குத் தலை வாரி வேனில் ஏற்றிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். குழந்தை எங்கே சாப்பிடும், எங்கே வீட்டுப்பாடம் எழுதும் என்பதுவரை எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் அந்த ஏழு மணி ஷிஃப்ட்டின் மேல்தான் நின்றது.

ஏழு மணி ஷிஃப்ட் யாருக்கும் பிடிக்காத ஷிஃப்ட். பால் வண்டியும் காய்கறி வண்டியும் வரும் நேரம், க்ரேட் பெட்டிகளை இறக்கி இடுப்பு ஒடிந்துவிடும். அதற்கு வர வேண்டுமென்றால் வீட்டில் நாலரைக்கு எழுந்து சமைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யார் பெயருக்கு ஏழு மணி விழுந்தாலும் அவள் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வாள். தன் பெயருக்கு விழும் மத்தியானம் ஒன்றரை டு ராத்திரி பத்தரையை அவர்களிடம் தள்ளிவிடுவாள். அதற்கு எங்கள் பெண்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். டீ நேரத்தில் பின்பக்கத் தண்ணீர் டிரம்மிடம் நின்று, ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் இரண்டு பேரும் மூன்றாவது ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் முன்னால் சொல்ல வேண்டும். “காதுல போடறது” என்று அதற்குப் பேர். காதில் போட்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் யாரும் பேச்சு மாற மாட்டார்கள். தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. நானும் தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். எட்டு வருஷம் நானே அந்த டிரம்மிடம் நின்றவள்தானே.

ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை அந்த முறை ஒரு தடவை சறுக்கியது. தெற்கே ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பொரி என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவுண்டருக்கு ஆள் இல்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட வேறு இரண்டு பெண்கள், மற்றவள் வருவாள் என்று ஆளுக்கு ஆள் நினைத்து வீட்டில் இருந்துவிட்டார்கள். யார் காதில் போட்டார்களோ அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், எந்த வாரம் என்றே அவளுக்கு நினைவில்லை. வரிசை வாசல்வரை போய்விட்டது. மேனேஜர் அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார்.

அன்றைக்கு இரவே உட்கார்ந்து நான் அந்த சார்ட்டைப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு கடையும் மாற்றக் கூடாது, ஆட்களும் மாற்றக் கூடாது. ஒரு வாரம் ஏழு மணி, அடுத்த வாரம் பத்து மணி, அதற்கடுத்த வாரம் ஒன்றரை டு பத்தரை என்று எல்லோருக்கும் சமமாகச் சுற்றி வரும். கஷ்டமான ஷிஃப்ட்டும் சுலபமான ஷிஃப்ட்டும் யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் “வர முடியாத நாள்” என்று எழுதிக் கொடுக்கலாம், அன்றைக்கு நிச்சயம் லீவு. சார்ட்டின் அடியில் என் கைப்பட ஒரு வரியும் எழுதினேன்: “ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படாது.” கடை மாற்றக் கூடாது என்று கேட்கப் போகிறேன், பதிலுக்கு நாமும் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தானே ஒத்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. பெரிய பேரம் பேசிவிட்ட நினைப்பு எனக்கு.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, ஹெட் ஆபீஸுக்கும் அனுப்பினார். அவர்கள் அதை விரல் வைக்கும் மெஷினில் ஏற்றிவிட்டார்கள். ஷிஃப்ட் இல்லாத ஆள் வந்து விரல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், அன்றைக்கு நின்ற நேரம் கூலிக் கணக்கில் சேராது. தண்ணீர் டிரம்மிடம் பேச இனி ஒன்றும் இல்லாமல் போனது.

பெண்களில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஒருத்தி தங்கை நிச்சயதார்த்தத்துக்கு முழுசாக ஒரு நாள் போய் வந்தாள். இன்னொருத்தி மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள் குறித்தாள். “அக்கா, நீங்க நல்லா இருப்பீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் மட்டும் சார்ட் ஒட்டிய மறுநாள் கோடவுன் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கு மட்டும் அந்த ஏழு மணியவே வெச்சிடுங்கக்கா.”

“ஏன், உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?”

“இல்லக்கா. வூட்ல கொஞ்சம் வேல கீது.”

“யாருக்குத்தான் வீட்ல வேலை இல்ல? உனக்கு வெச்சா நாளைக்கு இன்னொருத்தி பத்து மணிதான் வேணும்னு வந்து நிப்பா. எல்லாருக்கும் சமமா இருக்கட்டும்மா.”

“கஷ்டமான ஷிஃப்ட்டத்தானக்கா நான் கேக்குறேன். யாருக்கு இன்னா நஷ்டம்?”

நல்ல கேள்வி. பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும், அது என் பிறவிக் குணம். “ரூல்னா ரூல்தான். போய் கவுண்டரைப் பாரு” என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. என்ன வேலை வீட்டில் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. அன்றைக்கு இருபது மூட்டை அரிசி வந்திருந்தது, அதை எண்ணப் போய்விட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. வர முடியாத நாள் என்ற இடத்தில் தவறாமல் சனிக்கிழமை எழுதினாள், தவறாமல் கிடைத்தது. அந்த ஒரு விஷயத்தில் என் சார்ட் அவளுக்கு உபயோகமாகத்தான் இருந்தது. மற்ற வாரங்களில் எல்லோரையும் போலச் சுற்றி வந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன், கேஸ், கூடுவாஞ்சேரி ரூம், கீழ் வீட்டு பாயம்மா, எல்லாம். கோர்ட்டில், குழந்தையின் அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், எப்போது வருகிறாள் என்பதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம்.

“ஏழு டு மூணரைன்னு ஒரு லெட்டர் குடுங்கக்கா. அது போதும். வக்கீலு சொல்றாரு, அது மட்டும் கீதுன்னா கொழந்த எங்கிட்ட வந்துடும்னு.”

“முன்னாடியே ஏன்டி சொல்லல?” என்று கத்தினேன். அப்போதும் கத்தத்தான் வந்தது எனக்கு.

“இன்னான்னு சொல்றது? புருசன் துரத்திட்டான்னு கடையெல்லாம் பேசுமேன்னு இருந்துட்டேன்.”

கையைக்கூடக் கழுவாமல் மேனேஜரிடம் போனேன். அவரும் கெட்ட மனுஷன் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிப்போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“மேடம், கோர்ட்டுக்குப் போற பேப்பர். இல்லாத ஷிஃப்ட்ட இருக்குன்னு எப்படி எழுதித் தர்றது? நாளைக்கு கூண்டுல ஏத்திக் கேட்டா என் வேலை போயிடும்.”

“அப்ப நிஜமாவே அவளுக்கு ஏழு மணி போட்டுடுங்க சார். அப்புறம் பொய்யே இல்லையே.”

“சிஸ்டத்துல லாக் ஆயிடுச்சு மேடம். எல்லா பிராஞ்சுக்கும் இதே ரொட்டேஷன்தான் இப்ப. ஒரு ஆளுக்கு மட்டும் மாத்த எங்கிட்ட ஆப்ஷனே இல்ல.” பிறகு இதையும் சொன்னார்: “நீங்க போட்ட சார்ட்டுதான மேடம்.”

ஹெட் ஆபீஸுக்கு நானே போன் செய்தேன். மூன்று நாள் செய்தேன். கடைசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தால் பாரபட்சம் என்று புகார் வரும், எல்லோருக்கும் சமம் என்பதுதானே இந்த ஏற்பாட்டின் அடிப்படை என்று எனக்கே விளக்கிச் சொன்னாள். சார்ட்டோடு நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தாள். போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

வேறு வேலை தேடலாம் என்றும் அவள் யோசித்தாள். கேஸ் நடக்கும்போது வேலையை விட்டால் வருமானமே இல்லாதவள் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்று வக்கீல் தடுத்துவிட்டாராம். கடைசியில் மேனேஜர் சார்ட்டின் நகலில் கடை சீல் குத்திக் கொடுத்தார். “நேர்மையான, கடுமையாக உழைக்கும் ஊழியர்” என்று தனியாக ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் யாரும் படிக்கவில்லை.

கேஸ் நாளன்று லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வேண்டுமென்றால் நானே எழுந்து சொல்லிவிடுவது என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

நீதிபதி ஒரு அம்மா. பொறுமையாகத்தான் கேட்டார். “மூணு வாரத்துல ஒரு வாரம் ராத்திரி பத்தரை வரைக்கும் டியூட்டின்னு இருக்கே. அப்ப குழந்தை யார்கூட இருக்கும்?”

“மாத்திக்குவோம் மேடம்” என்றாள் அவள். “கடையில பொம்பளைங்க நாங்க எங்களுக்குள்ள மாத்திக்குவோம். எப்பவும் அப்டித்தான். எனக்கு ஏழு மணிய வுட்டுக் குடுத்துடுவாங்க.”

“அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“எழுத்துல இல்ல மேடம். காதுல போட்டுக்குவோம்.”

நீதிபதி அம்மாவுக்குப் புரியவில்லை. இவளுக்கும் விளக்கத் தெரியவில்லை, தண்ணீர் டிரம், மூன்றாவது ஆள் என்று ஏதேதோ சொல்லித் தடுமாறினாள். அப்போது புருஷன் பக்கத்து வக்கீல் எழுந்து, கையில் இருந்த சார்ட்டின் அடியில் உள்ள வரியைப் படித்தார். “ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படாது.” அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். என் கையெழுத்தை என் காதாலேயே கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அம்மா முன்போலவே முதல் சனியும் மூன்றாம் சனியும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ரயிலில் திரும்பும்போது கூடுவாஞ்சேரி வந்தது. அவள் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள். “ரூம காலி பண்ணணும்க்கா. பாயம்மாகிட்ட சொல்லணும், பாவம், கொழந்தைக்குன்னு குட்டி நாற்காலி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தாங்க” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கக்கா, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றாள். நான்தானே பண்ணினேன்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தவள், லீவு நாளாக இருந்தும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தாள். கோடவுனில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

“அம்மா, நீ கடையிலயே தூங்கிடுவியா, உனக்கு வூடு இல்லியான்னு கேக்குதுக்கா கொழந்த. அதோட ஆயா, எம் மாமியாரு சொல்லிச்சாம். உங்கம்மா ராத்திரியெல்லாம் கடையிலதான் இருப்பா, கோர்ட்ல பேப்பர் கீதுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“இன்னா சொல்றது? அந்த வாரம் நான் பத்தரை ஷிஃப்ட்டுதான். ஆமாடா கண்ணுன்னு சொல்லிட்டேன்.”

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவள் போகவில்லை. மூன்றாம் சனிக்கிழமையும் போகவில்லை. போனால் குழந்தை மூலையில் உட்கார்ந்து கலர் அடிக்கிறது, எப்போது அப்பாவிடம் போகலாம் என்று கேட்கிறது, நான் போய்த் தொந்தரவு பண்ணுவானேன் என்றாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், கூட வருகிறேன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கவுண்டருக்குப் போய்விடுவாள். வேலையில் ஒரு குறையும் வைப்பதில்லை. கூட்டம் அதிகமென்றால் கூடுதலாக இரண்டு மணி நேரம் நிற்கிறாள். இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தால் போதும் மேடம் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார்.

தீபாவளிக்கு மட்டும் சிஸ்டம் ஷிஃப்ட் போடாது. அன்றைக்கு யாரும் வர விரும்ப மாட்டார்கள் என்பதால், பெயர் கேட்டு எழுதும் வேலையை எங்களிடம் விட்டுவிடுவார்கள். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, பண்டிகை அன்றைக்கு ஏழு மணிக்குக் கடை திறக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி. தலைதீபாவளி என்றாள் இன்னொருத்தி.

“எனக்குப் போடுங்கக்கா” என்றாள் அவள்.

“ராத்திரி பத்தரை வரைக்கும் நிக்கவும் ஆள் வேணும்” என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர்.

“அதையும் எனக்கே போட்டுடுங்க சார்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவள் பெயரை இரண்டு இடத்திலும் எழுதினேன்.